பண்ணைப்புரத்து மண்ணும் ஆறாம் வகுப்பு டிரம்பெட்டும்

கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி எழுத உட்காரும் எவரும் மூன்றாவது பத்தியை எட்டுவதற்குள் ‘இசை அந்த மண்ணிலேயே ஊறிக் கிடக்கிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை வாசித்தபோது இந்த வாக்கியம் மறுபடியும் தமிழ்நாடெங்கும் ஊர்வலம் வந்தது. பண்ணைப்புரத்துக் காற்று, முல்லையாற்றுத் தண்ணீர், நடவுப் பாட்டு, தாலாட்டு என்று ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். இலக்கியம் வாசிக்கிற நாமும் இதில் யாருக்கும் சளைத்தவர்களல்லர். சொல்லப்போனால் அந்த வாக்கியத்துக்கு மெருகேற்றிக் கொடுத்ததே நாம்தான்.

அந்த வாக்கியத்தின் மீது எனக்கொரு வழக்கு உண்டு. உத்தமபாளையத்திலோ சின்னமனூரிலோ தேவாரத்திலோ ஆறாம் வகுப்பில் படிக்கும் ஒரு குழந்தையின் கையில் முதன்முதலாக ஒரு டிரம்பெட்டைக் கொடுக்கிறார்கள். மூன்றாம் நாள் அது பறிக்கப்படுகிறது. “உனக்கு இது வராதுப்பா, வேற பையன்கிட்ட குடு.” மண்ணில் இசை இருக்கிறது என்ற நம்பிக்கையும் உனக்கு வராது என்ற தீர்ப்பும் ஒரே தாயின் பிள்ளைகள். இசை மண்ணிலிருந்து வருவதென்றால் வராத பிள்ளைக்கு யார் என்ன செய்ய முடியும்? கற்பிக்கும் பொறுப்பிலிருந்து ஊரையும் பள்ளியையும் அரசையும் ஒரேயடியாக விடுவித்துவிடுகிற வாக்கியம் அது.

நம் பள்ளிகளில் ‘பேண்டு’ என்று எதை அழைக்கிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். நான்கைந்து சைடு டிரம், ஒரு பெரிய டிரம், ஒரு ஜோடி சிம்பல், சில பியூகிள்கள், வசதியுள்ள பள்ளியானால் இரண்டு டிரம்பெட்டும் கிளாரினெட்டும். பொறுப்பு உடற்கல்வி ஆசிரியருக்கு. இசை ஆசிரியர் என்று ஒருவர் இருந்தாலும் அவரிடம் இது போகாது. அவருக்குக் கடவுள் வாழ்த்தும் ஆண்டு விழா நடனங்களும். ஜூலைக் கடைசியில் அறையைத் திறந்து தூசி தட்டுவார்கள். உயரம் பார்த்து, சீருடை கிழியாத பையன்களாகப் பார்த்து நிறுத்துவார்கள். கல்யாண பேண்டு செட்டிலிருந்து ஒருவரை நாள் கூலிக்கு அழைத்துவந்து, எந்த விரலை எப்போது அழுத்துவது என்று மனப்பாடம் செய்விப்பார்கள். ஆகஸ்டு 15 முடிந்ததும் அறைக்குப் பூட்டு. ஜனவரி 26க்கு மறுபடியும் திறப்பு. அடுத்த ஆண்டு வேறு பையன்கள், அதே பாட்டு. மூன்றாண்டுகள் பேண்டில் இருந்த மாணவனுக்கு அவன் வாசித்தது என்ன சுரம் என்று தெரியாது. நான் பார்த்த பள்ளிகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். விதிவிலக்குகளுக்கு என் வணக்கம்.

இதற்குப் பெயர் இசைக் கல்வி இல்லை. கொடியேற்ற வரும் விருந்தினருக்காகச் செய்யப்படும் பந்தல் அலங்காரம்.

முதல் சில வாரங்களில் ஒரு குழந்தைக்கு என்ன நேர்கிறது என்பது இவர்களுக்குத் தெரிந்தால் ‘வராது’ என்ற சொல் அவ்வளவு எளிதாக வாயில் வராது. டிரம்பெட்டை எடுத்துக்கொள்வோம். அதில் அழுத்துகட்டைகள் மூன்றே மூன்று. ஒன்றையும் அழுத்தாமலே உதட்டின் இறுக்கத்தையும் மூச்சின் வேகத்தையும் மாற்றிப் பல சுரங்களை எழுப்பலாம். ஆகவே விரலை மட்டும் மனப்பாடம் செய்த குழந்தை சரியான விரலை அழுத்தித் தவறான சுரத்தை எழுப்புவான். தான் என்ன பிழை செய்தோம் என்று அவனுக்குப் புரியாது, சொல்லிக்கொடுப்பவர் அடிக்கக் கையை ஓங்குவார். அந்தப் பிள்ளைக்கு முதலில் தேவை கருவியே இல்லை. வாய்வைக்கும் முனையை மட்டும் கழற்றிக் கொடுத்து, உதடு அதிர்வது எப்படி என்று ஒரு வாரம் விளையாட விட வேண்டும். பிறகு ஒரே சுரத்தை நீளமாக, அலைபாயாமல் பிடித்து நிற்கப் பழக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இரண்டாவது சுரம்.

கிளாரினெட் இன்னும் வம்பு பிடித்தது. துளைகளை விரல் நுனியால் முழுதாக மூட வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் கிறீச்சிடும். பத்து வயதுப் பெண்ணின் விரல் மெலிந்தது. அவளுக்குக் கருவியை எப்படித் தாங்குவது, கட்டைவிரலில் எடையை எப்படி ஏற்றுவது என்று யாராவது காட்ட வேண்டும். நாணல் தகடு தடிமனாக இருந்தால் பெரியவருக்கே மூச்சு முட்டும். தொடக்க நிலைக் குழந்தைக்கு மெல்லிய தகடு கொடுக்க வேண்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் உள்ள முதல் பாடம். இங்கே முந்தைய ஆண்டு யாரோ கடித்துத் துப்பிய, நுனி உடைந்த தகட்டையே கொடுக்கிறார்கள். கருவியின் மூடித் திண்டுகள் இற்றுப்போய்க் காற்று கசிந்துகொண்டிருக்கும். உலகப்புகழ் பெற்ற வித்துவான் வந்தாலும் அதில் ஒன்றும் எழாது. குழந்தைக்குத்தான் வராது என்று எழுதிவிடுகிறோம். (இந்தியப் பேண்டு செட்டுகளுக்கான கருவிகள் பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்து மீரட்டில் செய்யப்படுகின்றன, அங்கே 1885இல் தொடங்கிய பட்டறைகூட உண்டு. வாங்குவதற்குப் பணம் ஒதுக்கும் நிர்வாகங்கள், வால்வுக்கு ஊற்றும் எண்ணெய்க்கும் கட்டைப் பொருத்துகளில் தடவும் பசைக்கும் பைசா ஒதுக்குவதில்லை. மோட்டார் வாங்கிப் போட்டுவிட்டுக் கிரீஸ் வாங்க மறுக்கும் விவசாயியை இந்தப் பள்ளத்தாக்கில் நான் கண்டதில்லை.)

இன்னொன்றும் உண்டு, சற்று நுட்பமானது. சாதாரணமாக நம் பள்ளிகளில் புழங்கும் டிரம்பெட்டில் ‘ஸி’ என்று எழுதியிருப்பதை வாசித்தால் ஒலிப்பது ஆறரைக் கட்டை. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு “சேர்ந்து வாசி” என்றால் சேராது. இது தெரியாத ஆசிரியர் பிள்ளைக்குச் சுருதி ஞானம் இல்லை என்று முடிவு கட்டுவார். பியூகிளோ அதைவிடப் பாவம். அழுத்துகட்டையே இல்லாத அந்தக் கருவியில் எழுவதே ஐந்தாறு சுரங்கள்தான். அதில் சினிமாப் பாட்டு வாசி என்று ஒரு தலைமையாசிரியர் பிடிவாதம் பிடித்ததை அறிவேன்.

இதையெல்லாம் மேலைநாட்டு நுணுக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. தொடக்க நிலைப் பிள்ளையை எப்படி நடத்துவது என்பதற்கு நம்மிடம் ஐந்நூறு ஆண்டுப் பாடத்திட்டம் இருக்கிறது. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் சரளி வரிசை வேறென்ன? ஒரே ராகம், படிப்படியான சுரங்கள், முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். மிருதங்கம் கற்கும் பிள்ளை தோலைத் தொடும்போதே ‘த தி தொம் நம்’ என்று வாயாலும் சொல்கிறது. வாயில் ஏறியது கைக்கு இறங்கும். சைடு டிரம்மில் வலது, இடது, வலது வலது. இடது, வலது, இடது இடது என்று மேலைநாட்டார் பயிற்றும் அடிப்படை அடவும் இதே தர்க்கம்தான். அதைச் சொற்கட்டாக்கிக் கொடுத்தால் நம் பிள்ளை ஒரு பிற்பகலில் பிடித்துக்கொள்வாள். நாகஸ்வரக்காரர் வீட்டில் சீவாளியை நனைத்து, பதம் பார்த்து, ஊதச் சொல்வதற்கு முன் எத்தனை நாள் காத்திருக்கிறார்கள்! அந்தக் குருகுலத்தில் அடியும் உதையும் எடுபிடி வேலையும் இருந்தன. அதைப் பொற்காலம் என்று நான் பாடப்போவதில்லை. ஆனால் முதல் நாளே கச்சேரிக்கு நிறுத்தும் மடமை அங்கே இருந்ததில்லை.

சரித்திரத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டு அந்த மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று அழைக்கப்படும் அவற்றில் முப்பதுக்கு மேற்பட்டவை கிடைக்கின்றன. எல்லாம் சங்கராபரணத்தின் சுரங்களில், கமகச் சிக்கல் இல்லாமல், குழந்தை பாடக்கூடிய எளிமையில் அமைந்தவை. பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டுக்கே ‘ஸந்ததம் பாஹிமாம்’ என்று சியாமளையைப் பாடிய துணிச்சல் அவருடையது. அதே காலத்தில் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் அரண்மனையில் மேலைநாட்டு வாத்தியக் குழுவை வைத்திருந்தார். பேண்டு என்பது நமக்கு நேற்று வந்த விருந்தாளி அல்ல என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன். பேண்டிலிருந்து பிறந்து பாட்டு வகுப்புக்குப் போன அந்த மெட்டுகளை மறுபடியும் பேண்டுக்குக் கொண்டுவந்து முதலாண்டுப் பாடமாக வைக்கலாம். ஐந்து சுரத்தில் தொடங்கி எட்டுக்குப் போகலாம். என் கண்ணில் பட்ட எந்தப் பள்ளியும் இதைச் செய்யவில்லை. எல்லோருக்கும் ‘சாரே ஜஹான் ஸே அச்சா’ போதுமாயிருக்கிறது.

இனி இளையராஜாவுக்கு வருவோம், ஏனென்றால் எதிர்த்தரப்பின் பிரம்மாஸ்திரம் அவர்தான். “அவர் எந்தப் பள்ளியில் படித்தார் ஐயா?” என்று கேட்பார்கள். படித்தார், ஐயா. அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் பதின்வயதிலேயே சேர்ந்து மேடை மேடையாக, ஊர் ஊராக வாசித்தார். அதுவே பல ஆண்டுகள் ஓயாத ஒரு பயிற்சிப் பள்ளி. 1960களின் இறுதியில் சென்னைக்கு வந்தபிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராக உட்கார்ந்தார். மேலைநாட்டு இசைக்குறிப்பை எழுதவும் படிக்கவும், ஒரு குரலுக்கு எதிராக இன்னொரு குரலை நகர்த்தவும் பாடம் பாடமாகக் கற்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிதார் தேர்வுகளை எழுதினார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். ‘அன்னக்கிளி’ வந்தது 1976இல். இடைப்பட்ட ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். அத்தனை ஆண்டு உழைப்பை ‘மண்ணின் ஞானம்’ என்று இரண்டு சொல்லில் அடக்குவது அவரைப் புகழ்வதா? ஒரு தலித் கிராமத்துப் பையன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்து எதிரிசை இலக்கணம் கற்றான் என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு ஏதோ ஒன்று தடையாயிருக்கிறது. காற்றிலிருந்து வந்தது என்று சொன்னால் மனம் நிம்மதியடைகிறது. இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

பணம் எங்கே, ஆள் எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே, ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றிருக்கிறது. அதன்படி 2012இல் தமிழக அரசு பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி எல்லாம் சேர்த்து. வாரத்தில் மூன்று அரை நாட்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். அவர்கள் பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் தெருவில் உட்கார்ந்தார்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வருகிறவர் அந்த நாளில் வாங்கிய கூலியோடு ஒப்பிட்டால் இசை ஆசிரியரை நாம் எங்கே வைத்திருந்தோம் என்பது விளங்கும். அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழா 2022இல் தொடங்கியது. நல்ல முயற்சி, மறுக்கவில்லை. ஆனால் திருவிழா என்பது அறுவடை. விதைக்காத நிலத்தில் அறுவடைப் போட்டி வைத்தால், வீட்டில் ஏற்கெனவே கற்றுக்கொண்டு வந்த பிள்ளைதான் பரிசை எடுத்துப் போகும். மற்றவர்கள் கைதட்டுவார்கள். பள்ளிகளின் பேண்டுகளுக்கு டெல்லி வரைக்கும் தேசியப் போட்டி நடத்துகிறார்கள். அதற்கும் இதே நியாயந்தான்.

ஏழைப் பிள்ளைகளால் முடியாது என்பதும் பொய். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய சன்ஷைன் இசைக்குழுவில் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் இலவசமாக வயலினும் செல்லோவும் கற்று மேடையேறினார்கள். அவர்களுக்குக் கருவி இருந்தது, ஆசிரியர் இருந்தார், இடைவிடாத வகுப்பு இருந்தது. வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரெயு ஒரு வாகன நிறுத்துமிடத்தில் சில பிள்ளைகளோடு தொடங்கியது பின்னாளில் லட்சக்கணக்கான குழந்தைகளுக்குப் பரவிய கதை பலருக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது நாம் பேசாமல் விடும் விஷயத்துக்கு வருவோம். பள்ளி பேண்டில் பெரிய டிரம்மை யார் சுமக்கிறார்கள்? டிரம்பெட் யாரிடம் போகிறது? தப்பும் பறையும் சாவு வீட்டோடு கட்டப்பட்ட ஊர்களில், தோல் கருவியைத் தொடுவதற்கே ஒரு தீட்டுக் கணக்கு இன்னும் இருக்கிறது. ‘கொட்டடிக்கிற வேலை’ என்ற சொல்லில் எத்தனை தலைமுறை இழிவு! ஆகவே இடைச்சாதி வீட்டுத் தாய், “அந்தக் கொட்டெல்லாம் நமக்கு வேண்டாம்பா, கையில ஊதுறது எதுனாலும் குடுக்கச் சொல்லு” என்பாள். தலித் வீட்டுத் தந்தையோ, “இதையே அடிக்கவா உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினேன்?” என்பார். இருவருடைய சொல்லுக்கும் வெவ்வேறு நியாயம், வெவ்வேறு காயம். இரண்டாமவரின் கோபத்தை நான் முழுமையாக மதிக்கிறேன். பையனின் தோளில் டிரம்மை மாட்டிவிட்டு அவன் சாதியை அவனுக்கு நினைவூட்டும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். முதலாண்டில் எல்லாப் பிள்ளைகளும் எல்லாக் கருவிகளையும் முறைவைத்துத் தொட வேண்டும் என்று ஒரு விதி வைத்தால் போதும், இந்தக் கணக்கு கலைந்துபோகும். அதைச் செய்யாததை நான் மறதி என்று எடுத்துக்கொள்ளவில்லை.

பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்து, அதை மரியாதைக்குரிய கருவியாக்கிக் காட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பள்ளி பேண்டுகளோ இன்னும் பெண் பிள்ளைகளுக்குக் கொடி பிடிக்கிற வேலையைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. “டிரம்பெட் ஊதினால் முகம் கோணிவிடும்” என்று ஒரு ஆசிரியை என்னிடமே சொன்னார்.

வெள்ளைக்காரனின் பட்டாளத்து இசை நமக்கெதற்கு, நாகஸ்வரமும் தவிலும் உறுமியும் சொல்லிக்கொடுங்களேன் என்று சிறுபத்திரிகை நண்பர்கள் கேட்பதுண்டு. தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம். உறுமியைத் தேய்த்து ஒலியெழுப்பும் அந்த வளைந்த குச்சியின் சூட்சுமத்தைப் பத்து வயதில் கற்றுக்கொண்டவன் சைடு டிரம்மில் மன்னனாகவே இருப்பான். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் தம் பிள்ளையை நாகஸ்வர வகுப்பில் சேர்த்தவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. அவர்களுடைய பிள்ளைகள் மதுரையில் கீபோர்டு வகுப்புக்குப் போகிறார்கள். பேண்டு வேண்டாம் என்பது மற்றவர் வீட்டுப் பிள்ளைக்கான உபதேசமாகவே முடிந்துவிடுகிறது.

பெற்றோர் என்ன செய்ய முடியும் என்பதும் இங்கே முக்கியம். தோட்ட வேலைக்கு விடியலில் கிளம்பி இருட்டியபின் திரும்பும் தாயிடம் ‘வீட்டில் தினமும் பயிற்சி செய்யச் சொல்லுங்கள்’ என்று குறிப்பு அனுப்புவது கொடுமை. ஓர் அறை வீட்டில் டிரம்பெட் ஊதினால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். கருவியை வீட்டுக்கு அனுப்பவும் பள்ளி சம்மதிக்காது. ஆனால் இரண்டு குச்சியையும் ஒரு பழைய டயர்த் துண்டையும் அனுப்பலாமே? சைடு டிரம் பழக அது போதும். காலை வணக்கத்துக்கு முன் இருபது நிமிடம் வராந்தாவைத் திறந்துவிடலாமே? தினமும் இருபது நிமிடம் வாசிக்கிற பிள்ளை, சனிக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் நிற்கவைக்கப்படும் பிள்ளையை ஒரு பருவத்துக்குள் முந்திவிடும். உதடு ஒரு தசை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அது எல்லாவற்றையும் மறந்துவிடும். முதல் கச்சேரியை ஆகஸ்டில் வைக்காமல் தைப்பொங்கலுக்கு வைக்கலாம். மைதானம் வேண்டாம், ஒரு வகுப்பறையே போதும். ஐந்து சுரத்தில் மூன்று சிறு மெட்டுகள். அந்தத் தாய் அன்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்காருவாள், சந்தேகமே வேண்டாம்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. பெற்றோரே அதில் பெரும்பான்மை. இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கும் வாசகர்கள், அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, குடிநீர் விவகாரங்கள் முடிந்தபின் எழுந்து நின்று மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பேண்டு அறைச் சாவி யாரிடம் இருக்கிறது? கடைசியாக அது எந்தத் தேதியில் திறக்கப்பட்டது? போன ஆண்டு ‘வராது’ என்று அனுப்பப்பட்ட பிள்ளைகளின் பெயர் யாரிடமாவது இருக்கிறதா?